குழந்தைகளைப் படித்த டாக்டர் அம்மையார்

இத்தாலி நாட்டின் தலைநகரம் ரோமாபுரி. 1906-ம் ஆண்டில் அங்கே ஒரு கட்டடக் கம்பெனிக்குப் பெரிய கவலை வந்தது.

என்ன கவலை? சுவர்க் கவலை!

சான் லோரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் வசித்த பேட்டை. பாதியில் நின்றுபோய்ப் பாழாய்க் கிடந்த கட்டடங்களை அந்தக் கம்பெனி வாங்கியது. பழுது பார்த்தது. வெள்ளை அடித்தது. அறை அறையாகப் பிரித்துக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது.

விடிந்ததும் தகப்பனும் தாயும் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். பள்ளி வயது ஆகாத சிறுசுகள் நாள் முழுவதும் மாடிப்படியில் கிடக்கும். சும்மா இருக்குமா? புதுச் சுவரில் கிறுக்கின. கையில் கிடைத்ததை எல்லாம் உடைத்தன.

கம்பெனியின் தலைவர் எதுவார்தோ தலாமோ கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்டடங்களை ஓயாமல் பழுது பார்க்க ஆகும் செலவு ஒரு பக்கம். கட்டடத்திலேயே ஓர் அறையை ஒதுக்கி, பிள்ளைகளை அதில் விட்டு, பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்தால் ஆகும் செலவு ஒரு பக்கம். இரண்டாவதுதான் லாபம் என்று பட்டது.

அந்த அறையை யார் மேற்பார்வை செய்வது? அவர் ஒரு பெண் டாக்டரைத் தேடிப் போனார். அந்த டாக்டருக்கு அப்போது வயது 36. பெயர், மரியா மாண்டிசோரி.

ஊருக்கு ஊர் "மாண்டிசோரி பள்ளி" என்று பலகை தொங்குகிறது. அது ஒரு பெண்மணியின் பெயர் என்பது அந்தப் பலகைக்குக் கீழே நிற்கிற பலருக்குத் தெரியாது. பலகை தொங்கும் எல்லா இடத்திலும் அவர் சொன்னபடி நடக்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. அது தனிக் கதை.

படிக்க வைத்த தாய்

மரியா 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே குழந்தை. தகப்பனார் அலெசாந்திரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். தாயார் ரெனில்டே நிறையப் படித்தவர்.

மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோமாபுரிக்குக் குடியேறியது. 13 வயதில் மரியா தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அது பையன்கள் படிக்கிற இடம். என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது அவருடைய ஆசை. பிறகு அந்த ஆசை மாறியது. டாக்டர் ஆகவேண்டும் என்றார்.

தகப்பனாருக்கு அது பிடிக்கவில்லை. தாயார் விட்டுக்கொடுக்கவில்லை. மகள் பக்கம் நின்றார்.

வைத்தியக் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கவேண்டும். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் அதைச் செய்வது தகாது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். ஆகவே எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மரியா மட்டும் தனியாக, பிணத்தின் முன்னால் நின்று படித்தார்.

1896-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று பல புத்தகங்களில் போட்டிருக்கும். அது சரியல்ல. அவருக்கு முன்னால் சிலர் இருந்தார்கள். முதல் சிலரில் அவர் ஒருவர்.

ரொட்டித் துணுக்கு

டாக்டர் ஆனபின் மரியா பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வந்தார். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்த நாளில் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள்.

ஓர் இடத்தில் அந்தக் குழந்தைகளைக் காவல் காத்த பெண் அவர்களைப் பற்றி அருவருப்போடு சொன்னாள். சாப்பாடு முடிந்ததும் இவை தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றன என்றாள்.

மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு வெறுஞ் சுவர். ஒரு பொம்மை இல்லை. ஒரு குச்சி இல்லை. கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்க எதுவுமே இல்லை.

இவர்களுடைய பசி வயிற்றுப் பசி அல்ல, கைப் பசி என்று அவருக்குத் தோன்றியது.

இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி முன்பு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினார். பிரான்சு தேசத்து டாக்டர்கள் இருவர் அகப்பட்டார்கள். ஒருவர் இத்தார். மற்றவர் அவருடைய மாணவர் செகேன். செகேன் 1846-ம் ஆண்டில் எழுதிய நூல் 600 பக்கம். இருவர் எழுதியதையும் மரியா இத்தாலிய மொழியில் தம் கையாலேயே எழுதி முடித்தார். ஒவ்வொரு சொல்லையும் நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்.

1900-ம் ஆண்டில் இந்தக் குழந்தைகளுக்கென்று ரோமாபுரியில் ஒரு பள்ளி ஏற்பட்டது. அதற்கு இரண்டு தலைவர்கள். ஒருவர் மரியா. இன்னொருவர் டாக்டர் மொந்தெசானோ. அங்கே பயிற்சி பெற்ற சில குழந்தைகள் மற்றக் குழந்தைகளோடு சர்க்கார் பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே மெச்சியது.

மரியாவுக்கு மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழுந்தது. மூளை குன்றிய பிள்ளைகளே தேறுகிறார்கள் என்றால், நல்ல பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்கள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன?

பெயர் சொல்ல முடியாத பிள்ளை

அந்த டாக்டர் மொந்தெசானோவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மரியாவும் அவரும் காதலித்தார்கள். 1898-ம் ஆண்டு மார்ச்சு 31-ந் தேதி மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ. கலியாணம் நடக்கவில்லை. கலியாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கவேண்டும். அதுதான் அந்தக் காலத்து வழக்கம். கலியாணம் இல்லாமல் தாயானது வெளியே தெரிந்தாலும் வேலை போய்விடும்.

குழந்தையை ஒரு கிராமத்துக் குடும்பத்தில் பாலூட்டி வளர்க்க விட்டார்கள். அவ்வப்போது ஒரு சீமாட்டி வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவள் யார் என்று பையனுக்குச் சொல்லப்படவில்லை.

1901-ல் டாக்டர் மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மரியா அந்தப் பள்ளியை விட்டே வெளியேறினார்.

உலகத்துக் குழந்தைகளை எல்லாம் கண்ணில் வைத்துப் பார்த்தவருக்குத் தம் சொந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். குறை சொல்வது சுலபம். டாக்டர் மொந்தெசானோவின் வேலைக்கு மட்டும் எந்த ஆபத்தும் வரவில்லை என்பதையும் அவர்கள் கவனிக்கவேண்டும்.

மரியா மறுபடியும் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். தத்துவம் படித்தார். மனித இயலும் கல்வியும் படித்தார். 1904 முதல் அங்கேயே விரிவுரையாளராகவும் இருந்தார்.

அப்போதுதான் தலாமோ வந்தார், சுவர்க் கவலையோடு.

குழந்தைகள் வீடு

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மார்சி வீதி 58-ம் எண் கட்டடத்தில் அந்த அறை திறக்கப்பட்டது. சுமார் 50 குழந்தைகள் வந்தார்கள். முரட்டுத் துணி, மிரண்ட பார்வை, அழுகை. "குழந்தைகள் வீடு" என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

கம்பெனி இடம் கொடுத்தது. மேசை நாற்காலி கொடுத்தது. பாடச் சாமான்கள் வாங்கப் பணம் இல்லை என்றது. அம்மையார் வசதியுள்ள சீமாட்டிகளிடம் போய்க் கேட்டு வாங்கினார். மூளை குன்றிய பிள்ளைகளுக்காகச் செய்து வைத்திருந்த மரச் சாமான்களையும் கொண்டுவந்து வைத்தார். பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்தார்கள். அவள் ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்ல. அதுவே நல்லது என்று அம்மையார் நினைத்தார். பயிற்சி பெற்றவள் என்றால் உடனே அதட்ட ஆரம்பித்துவிடுவாள்!

பெற்றோருக்குச் சம்பளம் கட்டவேண்டிய பாரம் இல்லை. ஆனால் சட்டம் இருந்தது. பிள்ளையைச் சுத்தமாக அனுப்பவேண்டும். தாய் வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து ஆசிரியையிடம் பேசவேண்டும்.

அம்மையார் அதிகம் பேசவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு குழந்தை என்ன செய்கிறது, எவ்வளவு நேரம் செய்கிறது என்று குறித்தார்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. பெரிதும் சிறிதுமான மரக் குண்டுகளைக் கட்டையில் உள்ள அந்தந்தக் குழியில் பொருத்திக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கொட்டினாள். மறுபடியும் பொருத்தினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். அவள் நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டையை மடியில் இடுக்கிக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின், தூங்கி விழித்தவள்போலச் சிரித்துக்கொண்டு எழுந்தாள்.

சிறு குழந்தைக்கு ஒரு காரியத்தில் ஐந்து நிமிடம் மனம் நிற்காது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

இன்னொரு நாள், மூக்கு சிந்துவது எப்படி என்று அம்மையார் காட்டினார். கைக்குட்டையை எடுத்து, சத்தம் வராமல், மெதுவாக, நாசூக்காக. வேடிக்கையாகச் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். குழந்தைகள் கை தட்டினார்கள்! மூக்கொழுகி என்று திட்டு வாங்கியே பழகிய பிள்ளைகள் அவர்கள். திட்டாமல் சொல்லிக்கொடுக்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தார்கள்.

சாமான்களை அலமாரியில் பூட்டி வைப்பது வழக்கம். ஒரு நாள் ஆசிரியை பூட்ட மறந்துவிட்டாள். மறுநாள் தாமதமாக வந்தாள். குழந்தைகள் அலமாரியைத் திறந்து, வேண்டியதைத் தாங்களே எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவளுக்குக் கோபம். இதைத் திருட்டு என்று எண்ணினாள். அம்மையார் அப்படி எண்ணவில்லை. தங்களுக்கு எது வேண்டும் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றே எண்ணினார். அதன்பின் பூட்டிய அலமாரி போயிற்று. குழந்தைக்குக் கை எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன.

ரொட்டியில் எழுதிய எழுத்து

அந்தப் பேட்டையில் தாய்மாரில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சில மாதம் போனதும் அவர்கள் அம்மையாரிடம் வந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள்.

அம்மையார் தயங்கினார். ஆறு வயதுக்கு முன் எழுத்து கூடாது என்பது அப்போதைய கொள்கை. ஆனால் அந்தத் தாய்மார் விடவில்லை.

மரத்தில் எழுத்துகள் செய்யச் சொல்லிப் பார்த்தார். அதற்குக் கட்டுப்படியான விலையில் ஆள் கிடைக்கவில்லை. ஆகவே உப்புக் காகிதத்தை எழுத்து வடிவமாக வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை விரலால் அந்தச் சொரசொரப்பைத் தடவும். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கண்ணைவிட விரல் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது.

பணம் இல்லாததால் வந்த உப்புக் காகிதம்! பிறகு உலகம் முழுவதும் அதே உப்புக் காகிதத்தைத்தான் பின்பற்றினார்கள்.

1907-ம் ஆண்டு டிசம்பர் மாதம். வெயில் அடித்தது. குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தான். அம்மையார் அவன் கையில் சாக்குக் கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியைப் படம் போடச் சொன்னார். தரையில் போட்டான். நன்றாயிருக்கிறது என்று பாராட்டினார்.

பையன் அவரைப் பார்த்தான். ஒரு கணம் ஏதோ பொங்குவதுபோல் நின்றான். பிறகு, எனக்கு எழுத வருகிறது என்று கத்தினான். குனிந்து தரையில் ஒரு சொல்லை எழுதினான். இன்னொரு சொல் எழுதினான். பிறகு இன்னொன்று. அவனுக்கு யாரும் எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. விரல் தடவித் தடவிப் பழகியது, அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் சாக்குக் கட்டிக்காக மொய்த்தார்கள். அடுத்த நாட்களில் தரை, கதவு, எங்கே பார்த்தாலும் எழுத்து. வீட்டில் ரொட்டியின் மேல்கூட எழுதிவிட்டார்கள்! தரையும் ரொட்டியும் பிழைத்தால் போதும் என்று தாய்மார் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார்கள்.

சுவரில் கிறுக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகத் திறந்த பள்ளி அது!

தங்கள் வீட்டில் முதல் முதலாக எழுதப்பட்ட சொல்லை, அதை எழுதிய ஐந்து வயதுப் பிள்ளையே விரல் வைத்துக் காட்ட, அந்தத் தாய்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பணம் கொடுத்தவர்கள்

செய்தி பரவியது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் பார்க்க வந்தார்கள். பெயர் எல்லாம் அம்மையாருக்கே போவது தலாமோவுக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு வேண்டியது சுவர். அம்மையாருக்கு வேண்டியது குழந்தை. சில ஆண்டுகளிலேயே இருவருக்கும் முறிந்தது. தாம் தொடங்கிய வீட்டுக்கே அம்மையார் அந்நியர் ஆனார்.

இந்த நிலையில் கை கொடுத்தவர்கள் பிராங்கெத்தி பிரபுவும் அவருடைய மனைவி அலிசும். பணக்காரர்கள். தங்கள் பண்ணைக் குடியானவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர்கள். பார்த்ததை எல்லாம் புத்தகமாக எழுதுங்கள் என்று தூண்டினார்கள். அச்சிடவும் உதவினார்கள். 1909-ம் ஆண்டில் அவர்கள் ஊரில் முதல் ஆசிரியப் பயிற்சி நடந்தது. சுமார் நூறு பேர் வந்தார்கள். புத்தகமும் அதே ஆண்டில் வெளிவந்தது. அம்மையார் அதை அந்தத் தம்பதிக்கே காணிக்கையாக்கினார். பணம் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு எதுவும் கேட்காதவர்கள் அவருடைய வாழ்க்கையில் மிகச் சிலர். இவர்கள் அந்தச் சிலரில் முதல்வர்.

பிறகு அம்மையார் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். டாக்டர் தொழிலை விட்டார். பல்கலைக்கழக வேலையையும் விட்டார். இனி பயிற்சி வகுப்பும் புத்தகமும் தரும் வருமானமே கதி என்று இறங்கினார்.

இதில்தான் ஒரு சிக்கல் முளைத்தது.

புரொபசரின் கேள்வி

பயிற்சி கொடுக்கும் உரிமையை அம்மையார் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். தம்மிடம் நேரில் படிக்காதவர்கள் தம் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். முறை கெட்டுப்போகும் என்ற பயம் ஒரு காரணம். வயிற்றுப்பாடு இன்னொரு காரணம்.

1913-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா போனார். நியூயார்க்கின் கார்னிகி மண்டபம் நிரம்பி வழிந்தது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லும் அவர் மனைவியும் அம்மையாருக்கு ஆதரவாக நின்றார்கள். பயணத்தை ஏற்பாடு செய்த பத்திரிகை முதலாளி மெக்ளூருக்கும் அம்மையாருக்கும் பிறகு கணக்கு வழக்கில் மனத்தாங்கல் வந்தது.

1914-ல் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கப் புரொபசர் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அம்மையாரின் மனோதத்துவம் ஐம்பது ஆண்டு பழையது என்று தள்ளிவிட்டார். ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லும் புரொபசர் அவர். அவர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அமெரிக்காவில் மளமளவென்று தோன்றிய பள்ளிகள் சில ஆண்டுகளில் மங்கிப்போயின.

தப்பு யார் மேல்? இரண்டு பக்கமும் உண்டு. மொட்டை மாடியில் எழுதிய பையனைப் புரொபசர் கண்டுகொள்ளவில்லை. மற்ற அறிஞர்கள் தம் முறையைப் பிரித்துப் பார்த்துச் சோதிக்க அம்மையார் இடம் கொடுக்கவில்லை. இந்தப் பள்ளியில் படித்த பிள்ளையையும் படிக்காத பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால்தானே ஆராய்ச்சி?

அந்த ஒப்பீடு அறிவியல் உலகத்தில் பெரிய அளவில் பேசப்படும்படி வந்தது 2006-ம் ஆண்டில்! 92 ஆண்டு கழித்து! அமெரிக்காவில் மில்வாக்கி என்ற நகரில் ஒரு மாண்டிசோரி பள்ளியில் இடத்துக்குப் போட்டி. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். சீட்டு விழுந்து சேர்ந்த 59 பிள்ளைகளையும், சீட்டு விழாமல் வேறு பள்ளிக்குப் போன 53 பிள்ளைகளையும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். இரு பக்கமும் ஆசைப்பட்ட பெற்றோர்கள்தான். வித்தியாசம் அதிர்ஷ்டம் ஒன்றே. ஐந்து வயதுப் பிள்ளைகளில், சீட்டு விழுந்தவர்கள் எழுத்தை அறிவதிலும் கணக்கிலும் முந்தி நின்றார்கள். ஒரே ஒரு பள்ளி, சின்னக் கணக்கு. ஆனாலும் நேர்மையான கணக்கு.

சர்க்கார்களின் விலை

இதற்கிடையில் 1912-ம் ஆண்டின் கடைசியில் அம்மையாரின் தாயார் காலமானார். அடுத்த ஆண்டில் மரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு வயது 15. அதன்பின் அவன் தாயைப் பிரியவே இல்லை. ஆனால் வெளியே அவனை உடன்பிறந்தாரின் பிள்ளை என்றும் வளர்ப்புப் பிள்ளை என்றுமே சொன்னார்கள். அம்மையாருக்கு உடன்பிறந்தாரே கிடையாது. உடன்பிறந்தாரின் பிள்ளை எங்கிருந்து வரும்? யாரும் கேட்கவில்லை.

தனியார் பணம் நிலைக்கவில்லை. சர்க்கார் பணமாவது நிலைத்ததா?

ஸ்பெயின் தேசத்தில் பார்சிலோனா நகரம் இருக்கும் பகுதி கட்டலோனியா. அங்கே ஆட்சியில் இருந்தவர்கள் அம்மையாருக்கு ஆராய்ச்சிச் சாலை அமைத்துக் கொடுத்தார்கள். நன்றாக நடந்தது. 1920-ல் கட்டலோனியாவின் தனி ஆட்சிக்கு ஆதரவாக அறிக்கை விடும்படி கேட்டார்கள். அரசியல் எனக்கு வேண்டாம் என்றார் அம்மையார். உதவி நின்றது.

1924-ல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி கூப்பிட்டான். நாலு வயதில் பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்றால் அவனுக்கு அது தன் நாட்டுப் பெருமை. பணத்தை அள்ளிக் கொடுத்தான். பள்ளிகள் பெருகின. அம்மையார் அந்தப் பணத்தை வாங்கியிருக்கக் கூடாது என்று அப்போதும் சொன்னார்கள். பிறகும் சொன்னார்கள். அது நியாயமான பேச்சுதான். பத்து ஆண்டு அவனோடு ஒத்துப்போனார். குழந்தைக்கு நல்லது நடந்தால் கொடுப்பவன் யாரானால் என்ன என்று எண்ணிவிட்டார் போலும். ஆனால் முசோலினி சின்னப் பிள்ளைகளுக்கும் கட்சி உடுப்பு மாட்டி அணிவகுத்து நடக்க வைத்தான். 1934-ல் உறவு அறுந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் இட்லர் ஆட்சி அதற்கு முன்பே அவருடைய பள்ளிகளை மூடி, புத்தகங்களைத் தீயில் போட்டிருந்தது.

(அதே இத்தாலி 1990-ல் ஆயிரம் லிரா நோட்டில் அம்மையாரின் முகத்தை அச்சிட்டது. 2002-ல் யூரோ நாணயம் வரும்வரை அந்த நோட்டு புழங்கியது.)

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. பார்சிலோனாவிலிருந்து பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறித் தப்பினார். வயது 65. சொந்த வீடு இல்லை. கடைசியில் ஆலந்து தேசம் இடம் கொடுத்தது.

அடையாற்றில் ஓலைக் கொட்டகை

1931-ல் லண்டனுக்குப் போயிருந்த காந்தியடிகள் அம்மையாரைச் சந்தித்தார். அவருடைய பயிற்சிப் பள்ளியிலும் பேசினார். மகாகவி தாகூர் அவருடைய சங்கத்தின் ஆதரவாளர்களில் ஒருவர். இந்தியாவில் அவர் பெயர் முன்பே தெரியும்.

1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பு விடுத்தார். அவருடைய மனைவியார்தான் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி. அம்மையாரும் மரியோவும் ஆகாய விமானத்தில் வந்தார்கள். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகள் போட்டார்கள். 300-க்கு மேற்பட்டவர்கள் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதம் தங்குவதாகத்தான் திட்டம். யுத்தம் அதை மாற்றியது.

1940-ம் ஆண்டு ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. பிரிட்டிஷ் சர்க்காருக்கு இத்தாலியர்கள் எல்லோரும் எதிரிகள். முசோலினி துரத்திய அம்மையாரும் எதிரிதான்! மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை அடையாறு தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள்.

ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு 70-வது பிறந்த நாள். அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக உங்கள் மகனை விடுதலை செய்கிறோம் என்பது அதன் கருத்து. மகன்! வளர்ப்புப் பிள்ளை அல்ல, உடன்பிறந்தாரின் பிள்ளை அல்ல. 42 ஆண்டு மறைத்து வைத்திருந்த உறவை ஒரு தந்தி வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. எதிரி என்று அடைத்த சர்க்காரே அதைச் சொன்னது.

1942-ல் யுத்த பயம் சென்னையை நெருங்கியது. தாயும் மகனும் கொடைக்கானலுக்குப் போனார்கள். அங்கே ஒரு வீட்டில் சின்னப் பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த ஆசிரியை லீனா விக்கிரமரத்தினா துணைக்கு இருந்தார். இலை, பாசி, பெரணி என்று மலையில் கிடைத்ததை எல்லாம் குழந்தைகள் கொண்டுவந்து பரப்புவார்கள். அதை வைத்தே பாடம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான அவருடைய கல்வித் திட்டம் அங்கேதான் வளர்ந்தது.

1944-ல் இலங்கைக்குப் போய் வகுப்பு நடத்தினார். பிறகு அகமதாபாத்துக்குப் போனார். பிறந்த குழந்தை முதல் மூன்று ஆண்டுகளில் எப்படிக் கற்கிறது என்பதுபற்றி அங்கே பேசினார். குழந்தை பாடம் கேட்டுப் படிப்பதில்லை, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல வீட்டையும் பேச்சையும் உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர் முடிவு. இடுப்பில் குழந்தையோடு சந்தைக்கும் வேலைக்கும் போகும் நம் நாட்டுத் தாய்மாரை அவர் கவனித்துப் பார்த்திருக்கிறார். அந்தப் பிரசங்கங்களிலிருந்து பிறந்த நூல், "உறிஞ்சும் மனம்" என்று பொருள்படும் தலைப்போடு, 1949-ல் சென்னை அடையாற்றில்தான் முதலில் அச்சாயிற்று.

1946-ல் இந்தியாவை விட்டுப் புறப்படுமுன், இந்த ஏழு ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். அடுத்த ஆண்டே மறுபடியும் அடையாறு வந்தார்.

கடைசி நாள்

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி. ஆலந்தில் கடற்கரை ஊரான நோர்ட்வைக். அம்மையாருக்கு வயது 81. ஆப்பிரிக்காவில் கோல்டுகோஸ்ட் நாட்டிலிருந்து (பிற்பாடு கானா) ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்படி அழைப்பு வந்திருந்தது. போகலாமா என்று மகனோடு பேசிக்கொண்டிருந்தார். இந்த உடம்போடு வேண்டாமே என்றார் மரியோ. அப்படியானால் நான் இனிப் பயன்பட மாட்டேனா என்று அம்மையார் வருத்தத்தோடு கேட்டார். மரியோ அறையை விட்டுச் சிறிது நேரம் வெளியே போனார். திரும்பி வந்தபோது உயிர் பிரிந்திருந்தது.

அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். தாம் இறக்கும் இடத்திலேயே புதைக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவர் எழுதி வைத்திருந்த உயிலைப் பிரித்தார்கள். அதில் மரியோவை மகன் என்றே எழுதியிருந்தார். அப்போது மரியோவுக்கு வயது 54.